கச்சான் காலப் பதிவேடு

நாலரைக்கு முதல் வாளி.
ஒன்பது கூடு, எட்டுக் குரைப்பு.
ஸோரா குரைப்பதில்லை,
கம்பியில் மூக்கை அழுத்தி வைத்திருக்கும்.
சாம்பல்தீவுச் சந்தியில் நான் பஸ்ஸால் இறங்கும்போதே
இரவு என்ன சமைத்தேன் என்று
அதற்குத் தெரிந்துவிடும்.
கருவாடு. இருவருக்கும் அதில் சம்மதம்.

சீமெந்துத் தரைக்கு முதலில் வெறுந் தண்ணீர்,
பிறகு மருந்துத் தண்ணீர்,
மறுபடி வெறுந் தண்ணீர், மருந்து மணம் போகும்வரை.
தகரக் கூரையில் காகங்கள் வந்து குந்தும்.
சாப்பாட்டுப் பேணி திறக்கும் சத்தம்
அவைக்கும் பாடம்.

காதை மடித்துப் பார்: உண்ணி.
விரலிடுக்கைப் பார்: முள், அல்லது இன்னொரு உண்ணி.
வாலைத் தூக்கி வெப்பமானி வைக்கும்போது
ஸோரா தூரத்தில் கடலைப் பார்க்கும்,
வரிசையில் நின்று அடையாள அட்டை காட்டும் ஆள் மாதிரி
முகத்தில் ஒன்றையும் வைக்காமல்.

சனிக்கிழமை நிறை. இருபத்தெட்டரைக் கிலோ.
கூடினால் டொக்டர் ரத்னமலல ஏசுவார்,
குறைந்தால் நஸீஹா அழுவாள்.

ஸோரா பிறந்தது பனி கொட்டும் நாட்டில்.
கட்டளைகள் அந்த நாட்டுச் சொற்கள், ஆறே ஆறு.
நான் அவற்றை மூதூர் நஸீஹாவிடம் படித்தேன்,
அவள் கந்தளாய் லயனலிடம்.
மூன்று வாய் மாறி வந்த சொல்லை
அந்த ஊரார் கேட்டால் சிரிப்பார்கள்.
ஸோரா சிரிக்கவில்லை.
இருக்கச் சொன்னால் இருக்கிறது.

சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்:
பவுடர் வேண்டாம், பூ வேண்டாம்,
வாசச் சவர்க்காரம் வேண்டாம்,
வெள்ளிக்கிழமைச் சந்தனமும் வேலை முடிந்துதான்.
பயிற்சித் தகரங்களை மண்ணில் தாழ்ப்பவள் நான்.
என் மணம் அதில் ஏறினால்
நாய் என்னைத்தான் கண்டுபிடிக்கும், வெடியை அல்ல.
நாலு வருடம்.
கழுத்தில் மூக்கை வைத்து மகள் சொல்கிறாள்,
"அம்மா, நீங்க தண்ணிப் போத்தல் மாதிரி."

கச்சான் எழும்பினால் எல்லாம் பிழைக்கும்.
காற்றுப் பார்க்கக் கட்டிய சிவப்புத் துணிகள் கிழியும்.
காய்ந்த மண் மணத்தை இறுக்கிப் பிடிக்கும்,
இல்லாவிட்டால் பத்தடி தள்ளிக் கொண்டுபோய்ப் போடும்.
எட்டரைக்கே நிறுத்து. நிழல்.
தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக.
வயிற்றுக்கு ஈரத் துணி.

அப்படி ஒரு காலை,
கயிறு கட்டிய பாதையில் ஒன்றுமே தாழ்க்காத நாள்.
(வெறும் பாதையும் பழக்கத்தான் வேண்டும்,
பந்துக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்லாமல் இருக்க.)
ஸோரா மணந்து மணந்து முடிவு வரை போனது,
திரும்பியது,
கயிற்றைத் தாண்டி வந்து
என் காலடியில் இருந்தது.

இருந்தது என்றால்
முதுகு நிமிர்த்தி, காது முன்னால்,
வாய் மூடி, பார்வை அசையாமல்.
இங்கே என்பதற்கு
அதனிடம் உள்ள ஒரே வசனம்.

நஸீஹா என்னைப் பார்த்தாள்.
"பிழை இருப்பு," என்றார் லயனல்,
"பையில் பந்து வைத்திருக்கிறாய், அதுதான்."
"இல்லை, சட்டையில் பட்டிருக்கும்,
நேற்றுத் தகரம் கழுவினாள்," என்றாள் அவள்.
சரிக்குப் பந்து கொடுக்காவிட்டால் நாய் கெடும்.
பிழைக்குக் கொடுத்தாலும் கெடும்.
அவர்கள் பேசி முடிக்கவில்லை,
ஸோரா இமைக்கவில்லை,
நான் பந்தை எறிந்தேன்.

பதிவேடு:
காற்று தென்மேற்கு, பலம். வெப்பம் முப்பத்தாறு.
பாதை மூன்று, வெறுமை. இருப்பு ஒன்று.
காரணம், உடையில் கலப்பு. உடை மாற்றப்பட்டது.

இடது கெண்டைக்காலில் ஓர் அரிசியளவு இரும்பு,
தொண்ணூறாம் ஆண்டிலிருந்து.
எடுத்தால் நரம்பு போகும் என்றார்கள்.
அதற்கு அந்தத் தாளில் நிரல் இல்லை.

பின்னேரம் பாதம் கழுவும்போது
ஸோரா அந்தக் காலில் தாடையை வைத்துத்
தூங்கிவிட்டது.
மூன்று பாதம் முடிந்திருந்தது.
நாலாவதுக்கு, அது புரளும்வரை
இருந்தேன்.
சுடுதண்ணீர் ஆறிப்போனது.